சாட்சிக் கம்ப்யூட்டர்

பிப்ரவரி 12, திங்கள்

இன்று முதல் டைரி எழுதுகிறேன். பழி வாங்க நினைப்பவனுக்குத் தேதி முக்கியம். என் அத்தான் தனுஷ்கோடி என்னை அடித்ததே தேதியால்தான்.

சர்க்கார் ஆபீசில் ஆயுசு முழுக்க டைப் அடித்து ஓய்வு பெற்றவர் அவர். நகராட்சிக்கு என் மேல் ஒரு மனு கொடுத்திருக்கிறார். எந்தத் தேதியில் என் மில்லில் மிளகாய் அரைத்தேன், எந்தத் தேதியில் அவர் ஜன்னல் கம்பியில் சிவப்பாகப் படிந்தது என்று வரிசை கட்டி எழுதியிருக்கிறார். தேதி போட்டால் பொய்கூட நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. நானும் போடுகிறேன்.

விவரம் இதுதான். எங்கள் அப்பா கட்டிய கட்டிடம். கீழே செல்லச்சாமி மாவு மில், அதாவது நான். மாடியில் என் அக்கா பேச்சியம்மாள், அத்தான், அவர்கள் மகள் சிந்துஜா. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள், எனக்குத்தான் நேரமில்லை. மில்லின் பின்னறையிலேயே படுக்கை. பத்து எச்.பி. மோட்டார். நான் சுவிட்சைப் போட்டால் தெருவிளக்கெல்லாம் ஒரு தடவை தலை குனிந்து எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நிமிரும்.

தூசி பறக்கிறது என்று எழுதியதைக்கூட மன்னிப்பேன். நகராட்சி நோட்டீசோடு வந்த மனு நகலில் இப்படி ஒரு வரி: ‘எதிர்மனுதாரர் படிப்பறிவற்றவர் என்பதால் பலமுறை எடுத்துரைத்தும் பயனில்லை.’ மாப்ள, மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் எழுதியது. நான் எட்டாம் வகுப்பு படித்தவன். கணக்கில் வாத்தியாருக்கே சந்தேகம் தீர்த்து வைத்தவன்.

அக்கா மாடியிலிருந்து அனுப்பும் மத்தியானச் சாப்பாடும் அன்றோடு நின்றது. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. புரோட்டாக் கடை இருக்கிறது. அவள் குழம்பில் இப்போதெல்லாம் புளி தூக்கல்தான்.

பிப்ரவரி 14, புதன்

காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக மிளகாயைப் போட்டேன். வேண்டுமென்றேதான். ஜன்னல் பக்கம் இருக்கும் கதவையும் திறந்து வைத்தேன். மனு கொடுத்தவருக்குக் காரணம் வேண்டாமா?

மாடியில் அக்கா இருமினாள். அவள் சின்ன வயசிலிருந்தே இருமுகிறவள். பள்ளிக்கூடப் பிரேயரில்கூட இருமி அடி வாங்கியிருக்கிறாள்.

பிறகு கோதுமை ஒரு டின். கல் கொத்தும் ஆள் வரவில்லை, நானே கொத்தினேன். அவனைவிட நன்றாகவே வந்தது.

பிப்ரவரி 17, சனி

சிந்துஜா கீழே வந்தாள். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிற பெண். அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்பது செருப்பைக் கையில் பிடித்திருந்ததிலேயே தெரிந்தது.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“எதிர்மனுதாரர்கிட்டப் பேசறதுன்னா ஸ்டாம்ப் ஒட்டணுமே. ஒட்டிட்டு வந்தியா?”

“விளையாடாதீங்க மாமா. கம்ப்யூட்டர் கொதிக்குது. கொஞ்ச நேரம் ஓடுது, ஃபேன் கத்துது, அப்புறம் பட்டுன்னு அணைஞ்சிருது.”

சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு ஆன்லைன் பரீட்சையாம். இருபத்தேழாம் தேதி பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமரா இவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு தடவை அணைந்தாலும் திரும்ப உள்ளே போக முடியாது. போனில் எழுத முடியாது, பிரவுசிங் சென்டரில் உட்காரவும் கூடாது.

“உள்ள பூரா தூசி மாமா. தொறந்து எடுத்தாப் போதும். அப்பாதான் விடமாட்டேங்கறார்.”

“ஏன்?”

அவள் தரையைப் பார்த்தாள். “பக்கத்துத் தகட்டுல பேப்பர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுச் சீல் வெச்சிருக்கார். உள்ள இருக்கற தூசிதான் ஆதாரமாம். நகராட்சி இன்ஸ்பெக்டரம்மா வந்து பாத்த பிறகுதான் தொறக்கணுமாம். அவங்க இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போறாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. அப்படியென்றால் அத்தானின் மொத்தக் கேசும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது! ஜன்னல் கம்பியை அக்கா துடைத்துவிடுவாள். சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பெட்டியை நான் சுத்தமாக்கிவிட்டால், இன்ஸ்பெக்டரம்மா வரும்போது அத்தான் எதைக் காட்டுவார்? கையை விரித்துக்கொண்டு நிற்பார். நிற்கட்டும்.

“கம்ப்யூட்டர் என்ன பெரிய கம்ப்யூட்டர்? ஒரு மோட்டார், ஒரு ஃபேன், நாலு வயர். மாவு வராத மில்லு. நான் பாத்துக்கறேன்” என்றேன். “கோயம்புத்தூர் கம்பெனிக்காரன் என்னைச் சர்வீசுக்குக் கூப்பிட்டப்ப நான்தான் போகல.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அப்பா மேல இருக்கற கோவத்துலதான் ஒத்துக்கறீங்கன்னு தெரியும் மாமா. நீங்க எதுக்காக வேணாலும் செய்யுங்க. எனக்கு அது ரெண்டு மணி நேரம் ஓடணும்.”

வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னாள். நான் மோட்டார் போடும்போதெல்லாம் மாடியில் கரண்ட் இறங்கி அதனாலும் கம்ப்யூட்டர் அணைகிறதாம். யு.பி.எஸ். பேட்டரி செத்து வருஷமாகிறது. பரீட்சை நேரத்தில் மட்டும் மில்லைப் போடக் கூடாதாம்.

“போடல, போ” என்றேன். பதினைந்து எச்.பி. மோட்டார் என்றால் சும்மாவா?

பிப்ரவரி 18, ஞாயிறு

பரணிலிருந்து தூசி ஊதும் புளோயரை இறக்கினேன். எலி வயரைக் கடித்திருந்தது. சரி செய்துவிட்டேன். எலி எங்கே என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, புதன்

அத்தான் கண் காட்ட மதுரைக்குப் போன நாள். புளோயர், ஸ்குரூடிரைவர், பெயின்ட் அடிக்கும் பிரஷ் மூன்றையும் மாவுச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். நோட்டீஸ் வந்த பிறகு முதல் தடவையாக அந்தப் படியில் ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்தாள். மெலிந்திருக்கிறாள். “வந்துட்டியாக்கும்” என்றாள். “சாப்டியா?”

“புரோட்டா.”

“காலங்காத்தால புரோட்டா திங்கற ஆளப் பாரு” என்று உள்ளே போனவள் இட்லியோடு வந்தாள். மறுக்கவில்லை. வேலை செய்யக் கையில் தெம்பு வேண்டும்.

பெட்டியில் அத்தானின் சீல் இருந்தது. இரண்டு பக்கமும் கையெழுத்து, நடுவில் தேதி. பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். அதைச் சிந்துஜாதான் கிழித்தாள். என் கை படவில்லை. இதை இங்கே எழுதி வைப்பது அவசியம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். அவள் போனில் எதையோ பார்த்துக்கொண்டே, “மொதல்ல பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும் மாமா, மிச்சக் கரண்ட் போறதுக்கு. அப்புறம் இரும்பைத் தொடணும்” என்றாள். எனக்குத் தெரியாததா? அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்ததை உள்ளபடி எழுதுகிறேன். ஃபேனுக்கு அடியில் வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கும் என்று அவள் போனில் படம் காட்டினாள். இங்கே தகடே தெரியவில்லை. அவற்றின் மேல் ஒரு கம்பளி. சிவப்புக் கம்பளி, நடுநடுவே மஞ்சள். நகத்தால் நெம்பினேன். அடை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. கையில் வைத்தால் கையெல்லாம் எரிந்தது.

புளோயரைப் போட்டேன். ஃபேன் தானாகச் சுழன்று ஊளையிட்டது. “மாமா! ஃபேனை விரலால புடிச்சுக்கிட்டுத்தான் ஊதணும், இல்லன்னா கெட்டுப்போயிரும்” என்று சிந்துஜா விரலை விட்டுப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஊதினேன். ஒரு சிவப்பு மேகம் எழும்பி எங்கள் மூஞ்சியில் அடித்தது. அவள் தும்மினாள், நான் தும்மினேன், அடுத்த வீட்டு மாடியில் வடாம் காயப்போட்ட அம்மாள் தும்மிவிட்டு என்னை ஏசினாள். வாழ்க்கையில் எத்தனையோ மிளகாய் பார்த்தவன் நான், இப்படித் தும்மியதில்லை.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படிவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: “செல்லம், இந்தப் பொட்டிக்கு மட்டும் வாய் இருந்திருந்தா என்னைய மாதிரியே ராப்பகலா இருமியிருக்கும்டா.”

அக்காவுக்கு அசட்டுத்தனமாக ஏதாவது சொல்வது பழக்கம்.

தூசி முழுக்க என் மில்லுடையது என்று யார் சொல்ல முடியும்? சிவப்பு செம்மண்ணாக இருக்கலாம். மஞ்சள், எதிர்வீட்டுப் பெயின்டாக இருக்கலாம். இருந்தாலும் ஒரு பையில் கட்டி, குப்பை வண்டி வரும்வரை தெருவில் நின்று என் கையால் கொடுத்தேன். ஆதாரத்தை மற்றவர்களை நம்பி ஒப்படைக்கக் கூடாது.

இதற்கு நடுவில் ஒரு காரியம் செய்தேன். சிந்துஜா தண்ணீர் எடுக்கக் கீழே போன நேரம், ஃபேனையும் தகடுகளையும் சேர்த்து அப்படியே கழற்றினேன். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசி, திருகினால் வந்துவிடும். அடியில் ஒரு சின்னச் சதுரச் சில்லு. அதன் மேல் என்ன இருந்தது தெரியுமா? அரிசி மாவு! காற்றுகூடப் போக வழியில்லாத அந்த இடுக்கில் என் மில் அரிசி மாவு போய்க் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா இதைப் பார்த்தால் என் மில் போச்சு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் முகம் தெரியும் அளவுக்குத் துடைத்துவிட்டு, பழையபடி மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஃபேன் சத்தமே இல்லை. சிந்துஜா கை தட்டினாள். அவள் வேறு எதையும் சோதித்துப் பார்க்கும் முன் இறங்கி வந்துவிட்டேன். வெற்றி பெற்றவன் அங்கே அதிக நேரம் நிற்கக் கூடாது.

மத்தியானம் மிளகாய் அரைக்கவில்லை. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

அத்தான் மில் வாசலில் வந்து நின்றார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடி. கோபம் வந்தால் அவருக்கு ஆபீஸ் பாஷைதான் வரும்.

“சீல் சேதப்படுத்தப்பட்டுள்ளது.”

“அப்படியா அத்தான்?”

“ஆதாரத்தை அழிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பது உமக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் படிப்பறிவில்லாதவனாச்சே.” இந்த வரியைச் சொல்வதற்காகவே இத்தனை நாள் வாயில் அடக்கி வைத்திருந்தேன். “என்ன ஆதாரம் அத்தான்? எங்க இருக்கு? எடுங்க, பாப்போம்.”

அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். போய்விட்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. ராகியைக் கேட்டவர்களுக்குக் கம்பை அரைத்துக் கொடுத்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் சிந்துஜா வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“மாமா, இப்ப போட்ட கையோட அணையுது. முன்னாடியாவது கொஞ்ச நேரம் ஓடுச்சு.”

“தூசி?”

“தூசியே இல்ல. பளபளன்னு இருக்கு.” நெருங்கி வந்து மெதுவாகக் கேட்டாள். “மாமா, ஃபேனுக்கு அடியில தகட்டைக் கழட்டினீங்களா? அங்க வெள்ளையா எதாச்சும் இருந்துச்சா?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. “கொஞ்சம் அரிசி மாவு இருந்துச்சு. தொடச்சிட்டேன்.”

அவள் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“அது மாவு இல்ல மாமா. சூட்டை இழுத்து மேல அனுப்பறதுக்குக் கம்பெனியில தடவுற பேஸ்ட். அது இல்லாம ஓட்டினா சில்லு வெந்துரும்.”

தடுமாறுகிறவன் நான் இல்லை. “தெரியும்மா. பழசு காஞ்சு போயிருந்துச்சு. புதுசு போடணும்னுதான் முன்யோசனையாத் தொடச்சேன்” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் நடுவில் சிரித்துவிட்டாள். சிரித்ததால் நம்பிவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மறுபடி அழுதாள்.

அவளுக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் அத்தான்தான் ஜெயித்ததாக ஆகும். என் கையால் கெட்டது என்று ஊரெல்லாம் தேதி போட்டு எழுதுவார். அதற்கு நான் விடமாட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடையில் அந்தப் பேஸ்டைக் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் ஊசி மருந்து மாதிரி ஒரு சின்னக் குழாயைக் காட்டி, “எத்தனை சிஸ்டத்துக்கு?” என்றாள். “நாப்பது” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கொடுத்தாள். “பட்டாணி அளவு வெச்சாப் போதும்ணே. வழிய விட்றாதீங்க.”

திரும்பி வந்தால் மாடியில் புதுக் கூத்து. அத்தான் பெட்டிக்கு மறுபடி சீல் வைத்திருக்கிறார். ஆதாரம் அழிக்கப்பட்டது என்பதற்கு அதுதான் ஆதாரமாம்! இந்தத் தடவை சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார், அக்காவிடம். பெட்டி இருக்கும் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாராம். “தூங்கறப்பவும் நாற்காலியிலதான் மாமா” என்று சிந்துஜா படியில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெற்ற மகளைவிட மனு பெரிதாகிவிட்டது அந்த மனுஷனுக்கு. இப்படிப்பட்டவர்களை நான் ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஒளிந்து போவதெல்லாம் எனக்குப் பிடிக்காது. பட்டப்பகலில் பேஸ்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன்.

அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். “தொடக் கூடாது.”

“புள்ளைக்குப் பரீட்சை அத்தான்.”

“இன்ஸ்பெக்டர் வந்து பார்வையிடட்டும். அதன் பிறகு திறந்துகொள்ளலாம்.”

“அவங்க வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சு போயிரும். தள்ளுங்க.”

“தொட்டால் போலீசுக்குப் போவேன்.”

“போங்க. தேதி போட்டுட்டுப் போங்க.”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன், அவர் கண்ணாடியைக் கழற்றினார். கைகலப்பு ஆகியிருக்கும். ஆகியிருந்தால் அவர் தாங்கியிருக்க மாட்டார். அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து, அந்தச் சீலை நகத்தால் நெம்பி உரித்துக் கையில் கசக்கினாள்.

“பேச்சி!”

“சாட்சிக் கையெழுத்து என்னோடதுதான? நான் வாபஸ் வாங்குறேன்.”

“உனக்காகத்தானே பேச்சி எழுதினேன்!” என்றார் அத்தான். ஆபீஸ் பாஷை எங்கேயோ போய்விட்டது. “ராத்திரி நீ உக்காந்துக்கிட்டே தூங்கறதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா இருக்கச் சொல்றியா? இவன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், சிரிச்சானே ஒழியக் கேட்டானா?”

“எனக்காக எழுதுனீக, சரி. நான் வேணாம்னா சொன்னேன்? இப்பப் புள்ளைக்காக நகருங்க.”

புருஷன் பெண்டாட்டி பேச்சில் நான் தலையிடுவதில்லை. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தேன். ஊசிகளைத் திருகி, தகட்டை எடுத்து, பட்டாணி அளவு பேஸ்டை நடுவில் வைத்தேன். அந்தக் கடை அம்மாளே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத பட்டாணி. அத்தான் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் தானாகவே தள்ளி நின்றார். பிறகு டார்ச்சைக் கொண்டுவந்து மேலே இருந்து பிடித்தார். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் முழுக்க ஓடியது. அணையவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

இன்ஸ்பெக்டரம்மா நாளைக்கு வருகிறாராம். போன் வந்தது.

சரியான சமயம். மில்லைக் கழுவினேன். காடாத் துணியில் ஒரு பை தைத்து மாவு விழும் வாயில் கட்டினேன். கதவிடுக்கில் ஈரச் சாக்கு. நாளைக்கு அந்தம்மா கண் முன்னால் மிளகாயை ஓட்டி, ஒரு துளி தூசி பறக்காமல் காட்டி, அத்தானின் மனுவை அத்தான் முன்னாலேயே செல்லாக் காசாக்குவேன். மாடியிலும் ஆதாரம் இல்லை, கீழேயும் இல்லை. படிப்பறிவற்றவன் யார் என்று தெரியட்டும். பெட்டி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லப் போகிறது.

அந்தம்மா காலையிலேயே வந்துவிட வேண்டும். பதினொரு மணிக்குள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வரவில்லை. பதினொரு மணி தாண்டித்தான் வந்தார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஃபைலோடு உள்ளே வந்தார். அத்தான் பின்னாலேயே இறங்கி வந்தார், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மாடியில் சிந்துஜா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா படிக்கட்டில் காவல்.

“மில்லு ஓடுறப்பப் பாக்கணுமே” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. “மிளகாயைப் போட்டு ஓட்டிக் காட்டுங்க.”

மிளகாய் மூட்டை தயாராக இருந்தது. பை கட்டியாகிவிட்டது. சுவிட்ச் கை எட்டும் தூரத்தில். இருபது எச்.பி. மோட்டார், போட்டால் மாடியில் கரண்ட் விழும்.

“கொஞ்சம் கழிச்சு ஓட்டலாம் மேடம். காபி சாப்பிடுங்க.”

“காபி சாப்பிட வரல. இன்னும் நாலு எடம் போகணும். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் மிளகாய் அரைக்கக் கூடாதுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான்.”

பங்குனி வரப்போகிறது. வருஷத்துக்கு வேண்டிய பொடியை ஊரே அரைக்கிற மாசம். “மோட்டார் சூடா இருக்கு” என்றேன். அந்தம்மா மோட்டார் மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது.

அத்தானுக்கு உயிர் வந்துவிட்டது. “பாத்தீங்களா மேடம்? ஓட்டிக் காட்டப் பயப்படறார். தூசி பறக்கும், அதான். ஓட்டச் சொல்லுங்க. இப்பவே ஓட்டச் சொல்லுங்க!”

அந்த நிமிஷம்தான் எனக்கு வழி கிடைத்தது. இது யோசித்து வருகிற வழியில்லை, பிறவியிலேயே வர வேண்டும். சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்தேன். இரண்டடி விலகி நின்றேன்.

“நீங்களே போடுங்க அத்தான்.”

“என்ன?”

“இதான் சுவிட்ச். நான் பயப்படறேன். உங்களுக்குத்தான் பயமில்லையே. உங்க கையால போடுங்க.”

விறுவிறுவென்று வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன், அவ்வளவுதான். அவரும் மேலே பார்த்தார். படியிலிருந்து அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியில் அவர் விரல்கள் வெளுத்துப்போயின. அதை நான் நன்றாக, ஆசை தீரப் பார்த்தேன். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன், அப்படி ஒரு காட்சி கிடைக்காது.

“என்ன சார், போடுறீங்களா?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அத்தான் கையை எடுத்தார். “வேண்டாம் மேடம். மேல என் பொண்ணு கம்ப்யூட்டர்ல பரீட்சை எழுதுறா. மில்லைப் போட்டா அணைஞ்சிரும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

அத்தான் என்னைக் காட்டினார். “இவன் சொல்லலையே!”

“மனு கொடுத்தது நீங்கதான சார்?” அந்தம்மா ஒரு தாளை நீட்டினார். “நீங்க கேட்டுக்கிட்டதாலதான் ஓட்டலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் அடுத்த மாசம் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அவர் பாட்டுக்கு அரைக்கட்டும்.”

அத்தான் என் மாவு டிரம் மேல் தாளை வைத்து எழுதினார். நான் தோள் வழியாகப் படித்தேன். படிப்பறிவு இருப்பதால் படிக்க முடிந்தது. ‘என் மகள் தேர்வின் பொருட்டு, என் மைத்துனர் செல்லச்சாமி இயந்திரத்தை இயக்காமல் ஒத்துழைத்தார்.’ மைத்துனர் என்று போட்டிருந்தார். எதிர்மனுதாரர் என்பது நீளமான வார்த்தை, தாளில் இடம் பற்றியிருக்காது.

ஒரு மணிக்கு மேல் சிந்துஜா படியெல்லாம் அதிர இறங்கி வந்தாள்.

“கடைசி வரைக்கும் அணையல மாமா! தொட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னுதான் இருக்கு!”

“பட்டாணி அளவு” என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

அரைக்க அனுமதி கிடைத்தும் நான் மிளகாய் அரைக்கவில்லை. இதை வெளியில் சொன்னால் தப்பாக நினைப்பார்கள். இது அடுத்த கட்டப் பழி. ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, என்னிடம் சும்மா கிடந்த பழைய மோட்டார் ஒன்றை அங்கே மாட்டிவிட்டேன். இனி மிளகாயும் மஞ்சளும் அங்கேதான். இங்கே அரிசி, கோதுமை மட்டும், அதுவும் பை கட்டி. ஜன்னலுக்குக் கீழே தகரமும் அடித்தாகிவிட்டது.

அத்தானுக்கு இனி எழுத ஒன்றுமில்லை. ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார், விரல் சுத்தமாகவே வருகிறது. புகார் இல்லாமல் அந்த மனுஷன் தவிப்பதைப் பார்க்க வேண்டுமே. இதைவிட ஒருவரை எப்படித் தண்டிக்க முடியும்?

மோட்டார் ஓடாத நேரத்தில் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். மாடியில் இருமல் இல்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 9, சனி

மத்தியானம் மாடியிலிருந்து சாப்பாடு வந்தது. புளி சரியாக இருந்தது.

மார்ச் 16, சனி

சிந்துஜாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் சேர வேண்டும். தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். பரீட்சையில் பாதியை நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று டீக்கடையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் அத்தான் படி இறங்கி வந்தார். கக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். மில் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் கோதுமை மூட்டையைப் பார்த்துச் சொன்னார்:

“சுத்த மாட்டேங்குது. உள்ள தூசி அடைச்சிருக்கும்னு நெனக்கிறேன்.”

“வெச்சுட்டுப் போங்க. பாக்கலாம்.”

“இல்ல. இருக்கேன்.”

வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். பிளேடை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினேன். தூசியே இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், அந்த நிமிஷமே ஓடும்.

நான் விடுவேனா? முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

“ரொம்ப மோசம் அத்தான். மோட்டார் காயில் எரிஞ்சு போயிருக்கலாம். இன்னிக்கு ஆகாது.”

“நாளைக்கு வரட்டுமா?”

“நாளைக்கும் ஆகாது. ஆனா வாங்க. வந்து உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.”

“சரி மாப்ள” என்று கையை ஊன்றி எழுந்து போனார்.

அலையட்டும். அவர் போனதும் ஃபேனை அக்கக்காகக் கழற்றினேன். திருகுகளை ஒரு டப்பாவிலும் பிளேடுகளை வேறொரு மூலையிலும் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் தேடி எடுத்து மாட்டுவதற்கு இந்தக் கோடை முழுக்க ஆகும்.